கூர் மழுங்கிய கதை

செஞ்சிச் சீமையிலே பனமலை என்றோர் ஊர். ஏரிக்கரை ஓரத்தில் எழுந்து நிற்கும் பாறைக் குன்று. குன்றின்மேல் ஒரு கற்கோயில். ஏறத்தாழ 700 முதல் 728 வரை அரசோச்சிய பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் அது. அதன் சுவரிலே எஞ்சி நிற்கும் ஓவியத்தைக் காண அறிஞர் வருகின்றனர். பல்லவர் குலப் பெருமையை வடமொழியில் பாடும் கல்வெட்டைப் படிக்கவும் வருகின்றனர். ஓவியத்தின் எழிலை வியக்கின்றனர், மன்னனின் புகழைக் குறித்துக் கொள்கின்றனர், குன்றைவிட்டு இறங்குகின்றனர்.

நாம் கேட்க விழைவது வேறொரு கேள்வி. அந்தக் கடுங்கல்லை வெட்டிய உளி எது? அந்த உளிக்குக் கூர் கொடுத்த கை யாருடையது?

சிறிய கேள்விதான். ஆனால் இந்த நாட்டு வரலாற்றின் பெரியதொரு பக்கம் அந்தச் சிறிய கேள்விக்குள்ளே மடிந்து கிடக்கிறது. கல்லிலே உளி படும் ஒவ்வொரு முறையும் கல் சிறிது உதிரும். உளியும் சிறிது மழுங்கும். கையுளியால் கல் வெட்டும் இடமெல்லாம் பக்கத்திலே ஓர் உலை புகைந்தாக வேண்டும். மழுங்கிய உளியைக் காய்ச்சி, அடித்து, நீரிலே தோய்த்து, மீண்டும் கூராக்கித் தரக் கொல்லன் ஒருவன் அங்கே இருந்தாக வேண்டும். சிற்பியின் கையிலே உளி நிற்பதற்குக் கொல்லனின் உலை எரிய வேண்டும். ஒரு கோயில் எழுந்து முடிவதற்குள் எத்தனை ஆயிரம் முறை அந்த உலை மூட்டப்பட்டிருக்கும்! எத்தனை உளிகள் தேய்ந்து சிறுத்திருக்கும்!

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. இராசசிம்மனுக்கு முன்னோனான முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். பிரமன், சிவன், திருமால் மூவருக்குமான அக்கோயிலைச் செங்கலும் மரமும் உலோகமும் சாந்தும் இல்லாமலே தான் ஆக்குவித்ததாக வடமொழியில் பொறித்தும் வைத்தான். கட்டடப் பொருளாக உலோகம் சேர்க்கப்படவில்லை என்பது அவன் கருத்து. அது பொய்யன்று. ஆனால் அந்தப் பாறையைக் குடைந்தது மன்னனின் நாவா? அவன் கொடுத்த கட்டளையா? இரும்பல்லவா குடைந்தது! 'உலோகம் இல்லை' என்ற சொல்லைப் பாறையில் வெட்டுவதற்கே உலோகம் தேவைப்பட்டதே! மன்னன் பெயர் கல்லிலே நின்றது. கொல்லன் பெயர் காற்றிலே கரைந்தது.

இந்தப் பகுதியின் பிற்காலக் கதையும் இதற்கு மாறுபட்டதன்று. செஞ்சிக் கோட்டையை 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதை முற்றுகையிட்டது. 1714-இல் தேசிங்கு ராசன் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். 2025-இல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. தேசிங்கின் கதையைப் பாடியோர் அவன் வீரத்தைப் பாடினர், குதிரையைப் பாடினர், வாளையும் பாடினர். வாளை வடித்தவனை யார் பாடினார்?

தமிழன் என்றுமே இப்படி நன்றி மறந்தவனாக இருந்தானா என்றால், இல்லை. மாந்தருக்குரிய கடமைகளை வகுத்துக் கூறிய பொன்முடியார் என்னும் புறநானூற்றுப் புலவர், தாய்க்கும் தந்தைக்கும் அரசனுக்கும் உரிய கடமைகளின் வரிசையிலேயே கொல்லனின் கடமையையும் வைத்தார். அரசனுக்கு முன்பாகவே கொல்லனைக் குறித்தார். அந்த இடம் பின்னர்ப் பறிபோனது. பறிபோன வரலாற்றைத்தான் ஒரு கத்தியின் கூர் வழியாக நாம் காணப் போகிறோம்.

கூர் என்பது யாது? கத்தியின் இரு பக்கங்களும் வந்து கூடும் கோடு. அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு எளிதாகப் பொருளுக்குள் இறங்கும். அந்த மெல்லிய கோட்டுக்குப் பகை மூன்று. இரும்பு மென்மையாக இருப்பின் கூர் மடங்கிப் போகும். கடினமாக இருந்து உறுதியின்றி இருப்பின் கூர் பொடிந்து உதிரும். மடங்காமலும் உதிராமலும் தப்பினாலும், வெட்டப்படும் பொருளோடு உராய்ந்து உராய்ந்து தேயும். மூன்று பகையையும் ஒருசேர வெல்லும் எஃகே நெடுநாள் கூர் தாங்கும். ஒன்றை வெல்ல முனைந்தால் மற்றொன்றுக்குத் தோற்பது இரும்பின் இயல்பு. ஆகவேதான் கத்தி வடிப்பது கலை. வெறும் கைவலிமை அன்று.

தூய இரும்பு மென்மையானது. அதில் கரிமம் சிறிதளவு கலந்தால் எஃகாகும். நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் கலந்தால் அடித்தால் உடையும் வார்ப்பிரும்பாகும். இடைப்பட்ட குறுகிய எல்லையிலேதான் கத்தியும் வாளும் உளியும் பிறக்கின்றன. அந்த எஃகையும் செந்தழலாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ சட்டென அமிழ்த்தினால் கடினமாகும். அதையே மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டினால் கடினம் சற்றுக் குறைந்து உறுதி கூடும். கொல்லர் மொழியிலே இது தோய்ச்சல். ஒரே கட்டியில் அறுத்த இரண்டு துண்டுகளில் ஒன்று கல்லைப் பிளக்கலாம், மற்றொன்று வாழைத்தண்டிலே மடங்கலாம். வேற்றுமை கட்டியில் இல்லை, பதத்தில் இருக்கிறது. இந்த ஒரு வரியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். கட்டுரை முடிவில் மீண்டும் இவ்விடத்துக்கே வருவோம்.

பனமலையும் செஞ்சியும் முன்பு அடங்கியிருந்த பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்திலேயே மேல்சிறுவலூர் என்றோர் ஊர் உண்டு. எஃகு உருக்கிய மூசைகளின் உடைந்த ஓடுகள் அங்கே கிடந்தன. ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அவற்றை ஆராய்ந்து, கரிமம் மிகுந்த உயர்தர எஃகு உருக்கப்பட்ட இடம் அது என்று 1994-இல் வெளியிட்டார். நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலிலும் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் சங்க காலத்து இரும்புத் தொழிலின் உலைகளும் மூசைகளும் வெளிப்பட்டன. திருவண்ணாமலைப் பக்கத்துக் கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும், சேலத்துக் கஞ்சமலையிலும் காந்த இரும்புத் தாது இன்றும் கிடக்கிறது. தாது இருந்தது, காட்டிலே கரி இருந்தது, கையிலே திறமை இருந்தது.

அந்தத் திறமையின் செய்முறையை நமக்குச் சொல்வது தமிழ் ஏடன்று. சேலம் பகுதியில் இத்தொழிலைக் கண்ட ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்த குறிப்பு. இரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மண் மூசைக்குள் நெருக்கமாக அடுக்குவர். ஒரு மூசைக்கு அரை இராத்தல் முதல் இரண்டு இராத்தல் வரை இரும்பு. அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டை. மேலே எருக்கு போன்ற செடியின் பச்சிலை ஒன்றிரண்டு. பிசைந்த களிமண்ணால் வாயை இறுக அடைத்துக் காய வைப்பர். இருபது இருபத்து நான்கு மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கிக் கரியால் மூடித் துருத்தியால் ஊதுவர். இரண்டரை மணி நேரத்தில் வேலை முடியும். ஆறிய மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி இருக்கும். அதை மீண்டும் பல மணி நேரம் கரியனலில் பதப்படுத்திய பின்னரே அடித்து நீட்டுவர்.

இதிலே மந்திரம் ஏதும் உண்டா? நல்ல நாள் உண்டா? ஓமம் வளர்த்தோர் உண்டா? கட்டையும் இலையும் கரிமத்தைத் தந்தன. அடைத்த மண் காற்றைத் தடுத்தது. முழுவதும் உருகியதால் கசடு பிரிந்தது. ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்று இகழப்பட்ட மக்கள், காரணகாரியத்தைக் கையாலே அறிந்து வைத்திருந்தனர். பகுத்தறிவு என்பது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு என்போர் மேல்சிறுவலூரின் ஓடுகளைச் சென்று பார்க்கட்டும்.

கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகுக்கு உக்கு என்று பெயர். அதுவே ஐரோப்பியர் நாவில் ஊட்ஸ் எனத் திரிந்தது என்பர். தென்னாட்டுக் கட்டிகள் பாரசீகம் வரை சென்று நீரோட்டம் போன்ற வரிகள் ஓடும் வாள்களாயின. அவ்வாள்களை ஐரோப்பியர் டமாஸ்கஸ் வாள் என்றனர். உருக்கியவன் தென்னாட்டான்; ஊர்ப்பெயரோ சிரியாவுக்கு!

1794-ஆம் ஆண்டு, பம்பாயில் இருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் என்பார் இந்தக் கட்டிகள் சிலவற்றை இலண்டன் அரச கழகத்தின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். இரும்பைக் கடையவும், கல்லை வெட்டவும், உளியும் அரமும் வாளரமும் செய்யவும், கடினம் மிக வேண்டிய இடமெல்லாம் இந்நாட்டார் இந்த எஃகையே கையாளுகின்றனர் என்றும் தெரிவித்தார். பனமலையிலே நாம் எழுப்பிய கேள்வி, இலண்டனுக்குப் போன பெட்டியோடும் பயணம் செய்தது!

அங்கே என்ன செய்தனர்? பூசையில் வைத்தனரா? பெருமை பேசி அடுக்கில் வைத்தனரா? சோதித்தனர். ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் 1795-இல் அதைப் பற்றி அரச கழகத்தின் முன் ஆய்வுரை அளித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர் அதைக் காய்ச்சி அடித்துக் கத்தியாக்கிப் பார்த்தார். டேவிட் மஷெட் 1805-இல் தாம் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில எஃகைவிட இதில் கரிமம் மிகுதி என்று கண்டார். ஸ்டோடார்ட், இலண்டன் ஸ்டிராண்டு வீதி 401-ஆம் எண் கடையில், அறுவைக் கருவிகளையும் சவரக் கத்திகளையும் இந்திய எஃகால் செய்து விற்றார். பல்லாண்டு ஒப்பிட்டுச் சோதித்த பின்பே ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் இதனைத் தாம் மேலாகக் கொண்டதாகத் தம் கடைச் சீட்டிலே அச்சிட்டார். 'பல்லாண்டு ஒப்பிட்டுச் சோதித்த பின்பு' என்ற அந்தச் சொல்லிலேதான் ஐரோப்பாவின் உயர்வு அடங்கிக் கிடந்தது.

ஸ்டோடார்ட் தமக்குத் துணையாக ஓர் இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். அவர் பெயர் மைக்கேல் பாரடே. பின்னாளில் மின்னியலின் தந்தை என்று உலகம் போற்றிய அதே பாரடே! அவருடைய தந்தை யார் தெரியுமா? ஒரு கொல்லர். வறுமையில் வளர்ந்த மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, கட்ட வந்த புத்தகங்களையே படித்து, 1813-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தார். 1819-இல் நம் எஃகைப் பகுத்தாய்ந்தார். ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து எஃகிலே வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம் எனப் பல உலோகங்களைக் கலந்து பார்த்து 1820-இலும் 1822-இலும் ஆய்வுகளை வெளியிட்டார். நம் எஃகின் சிறப்புக்கு அதிலுள்ள அலுமினாவே காரணம் என அவர் எண்ணியது தவறு. ஆயினும் எழுதி வைத்த தவற்றைத் திருத்த அடுத்தவன் வருவான். எழுதாமல் போன உண்மையை மீட்க எவன் வருவான்? கலப்பு எஃகு என்னும் பெருந்துறைக்கு அந்தச் சோதனைகள் கால்கோள் விழாவாயின.

1913-இல் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். இன்று நம் வீட்டு அடுக்களையில் மின்னும் எவர்சில்வர் அந்த வழியில் வந்தது. பிரியர்லியின் தந்தையும் ஷெபீல்டில் எஃகு உருக்கும் தொழிலாளிதான்!

தோழர்களே, இங்கே சற்று நிற்போம். ஆங்கே கொல்லன் மகன் ஆய்வுக்கூடம் ஏறினான். எஃகு உருக்கியவன் மகன் எஃகின் வரலாற்றையே மாற்றினான். ஈங்கே என்ன நடந்தது?

கொங்கு நாட்டுக் கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில், கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு விளங்கும் ஓர் அரசாணைக் கல்வெட்டு உண்டு. அது கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகிறது. என்ன உரிமைகள்? நிலமா? பொன்னா? அரசவையில் இருக்கையா? தம் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம். வீட்டுக்குச் சுண்ணச்சாந்து பூசிக்கொள்ளலாம்! கோயிலுக்கெல்லாம் உளி கொடுத்தவன், காலுக்குச் செருப்பணிய மன்னன் ஆணை வேண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் கொழு அடித்தவன், தன் சுவருக்குச் சாந்து பூசக் கல்வெட்டு வேண்டியிருந்தது. கொடுத்த மன்னனைப் பாராட்டுவோர் பாராட்டட்டும். பறித்து வைத்திருந்தது யார் என்று நாம் கேட்கிறோம்.

ஏடு தூக்கியவன் உலை ஊதவில்லை. உலை ஊதியவன் ஏடு தூக்க விடப்படவில்லை. ஆகவே எந்த மண், எந்த இலை, எந்தத் தாது, எத்தனை நாழிகை என்பதெல்லாம் தந்தை மகனிடம் சொல்லும் சேதியாகவே நின்றது. மகன் இல்லாத வீட்டோடு ஒரு நுட்பம் மாண்டது. பஞ்சத்தில் ஊர் பெயர்ந்தபோது ஒரு பட்டறையின் அறிவே பெயர்ந்தது. ஓர் ஊர்க்கொல்லன் கண்டதை அடுத்த ஊர்க்கொல்லன் சோதித்து மேற்செல்ல வழியில்லை. அறிவு ஓடவில்லை, தேங்கியது. தேங்கியது வற்றியது.

உள்ளிருந்த நோய் இது. வெளியிலிருந்து வந்த அடியும் சிறியதன்று. ஹீத் 1830-ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாதுவும் காட்டுக் கரியும் அதற்குத் தீனி. மேலைநாட்டு முறையில் பெரிய உலைகள் எழுந்தன. தட்டுத் தடுமாறி நடந்த ஆலை, அந்த நூற்றாண்டு முடியுமுன்பே மூடிக் கிடந்தது. ஹீத் இங்கிலாந்து சென்று, மாங்கனீசு சேர்த்து எஃகைச் செம்மையாக்கும் முறைக்கு 1839-இல் உரிமம் பெற்றார். அதனால் ஷெபீல்டு வளர்ந்தது. அவரோ ஆலை முதலாளிகளோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடி, பயன் காணாமல் 1851-இல் மறைந்தார். தொழிலாளியை ஏய்க்கும் முதலாளிக்கு நிறமில்லை, நாடில்லை!

1856-இல் பெஸ்ஸிமர் முறை வந்தது. எஃகு மலைமலையாகக் குவிந்தது. கப்பலேறி இங்கும் வந்து இறங்கியது. இரண்டு இராத்தல் மூசை அதனோடு எப்படிப் போட்டியிடும்? 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. வாளுக்கு வேலை போயிற்று. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. கரி சுடும் காட்டுக்குப் பூட்டு விழுந்தது. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எஃகு உருக்கியவன், இறக்குமதியான இரும்புப் பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பவன் ஆனான்.

வெள்ளையன் போனான். விடுதலை வந்தது. கொல்லன் மகனுக்கு என்ன வந்தது? 1953-இல் சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தது. நாளில் பாதி பள்ளி. மீதிப் பாதி பெற்றோர் செய்யும் தொழில். குலக்கல்வி என்று பெரியார் முழங்கினார். திராவிட இயக்கம் முழுதும் எதிர்த்தெழுந்தது. 1954-இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற காமராசர் அதனைக் கைவிட்டார். 'கைத்தொழிலை இகழ்கிறார்களே இவர்கள்' என்று அன்று சிலர் நம்மைப் பழித்தனர். நாம் இகழ்ந்தது சம்மட்டியையன்று. சம்மட்டியைப் பிறப்போடு பிணைத்த சங்கிலியை! கொல்லன் மகன் சம்மட்டி பிடிக்கட்டும், விரும்பினால். கூடவே வேதியியலும் படிக்கட்டும். வழக்கறிஞர் மகனும் உலைக்களம் புகட்டும், விரும்பினால். பாரடேயைப் பாதி நாள் தந்தையின் பட்டறைக்கே அனுப்பியிருந்தால் உலகம் எத்தனை நாள் இருளில் கிடந்திருக்குமோ!

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். உலக எஃகுகளிலே கூர் தாங்குவதில் நம் பழைய எஃகுதானே முதன்மை? இதற்கு 'ஆம்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. பட்டுத்துணி காற்றில் மிதந்து வந்து வாள்மேல் விழுந்தால் இரண்டாகும் என்ற கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். 2006-இல் ஒரு பழைய டமாஸ்கஸ் வாளிலே நுண்ணிய கரிமக் குழாய்களைச் செருமானிய ஆய்வாளர் கண்டனர் என்ற செய்தி வந்ததும், நம் முன்னோர் அணுவியலையே அறிந்திருந்தனர் என்று பேசியோரும் உண்டு. புராணத்தில் வானவூர்தி தேடுவோரை எள்ளி நகையாடும் நாம், எஃகிலே புராணம் எழுதலாமா?

சோதனை என்ன சொல்கிறது, அதைக் கேட்போம். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும், குதிரைக்கு லாடம் கட்டும் தொழில் அறிந்த கத்திக் கொல்லர் ஆல்பிரட் பெண்ட்ரேயும் சேர்ந்து, மூசை எஃகிலிருந்து வரியோடும் கத்திகளை மீண்டும் வடித்தனர். தாதுவில் மிக மிகச் சிறிதளவு வனேடியம் போன்ற உலோகம் கலந்திருந்தால்தான் அந்த வரிகள் தோன்றும் என்று 1998-இல் விளக்கினர். ஏடும் உலையும் கைகோத்ததும் மறைந்த கலை திரும்பி வந்தது!

அதன் பின் அவர்கள் தம் கத்தியைத் தாமே புகழ்ந்து நிற்கவில்லை. 2008-இல் வெளியிட்ட ஆய்வில், டமாஸ்கஸ் எஃகையும், இக்காலக் கரிம எஃகுகள் இரண்டையும், சவரத் தகட்டுக்கான துருப்பிடிக்காத எஃகு ஒன்றையும் ஒப்பிட்டனர். ஷெபீல்டில் உருவான சோதனைப் பொறி அதற்குப் பயன்பட்டது. நுண்மணல் கலந்த அட்டைகளை அந்தப் பொறி திரும்பத் திரும்பக் கத்தியால் அறுக்கும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆழம் அறுந்தது என்று அளக்கும். மனிதனின் கைவலிமைக்கோ விருப்பு வெறுப்புக்கோ அங்கே இடமில்லை.

முடிவு யாது? ராக்வெல் அளவில் கடினம் 61 ஆகும்படி எல்லாக் கத்திகளையும் பதப்படுத்தியபோது, டமாஸ்கஸ் எஃகு முந்தவில்லை. இக்கால எஃகே முன்நின்றது. கடினத்தை 41 ஆகக் குறைத்துச் சோதித்தபோதோ, டமாஸ்கஸ் எஃகு மற்றவற்றை வென்றது. மென்மையான இரும்பினூடே வரிவரியாகப் பரவிக் கிடந்த கரிமச் சேர்மத் துகள்கள் அங்கே தேய்மானத்தைத் தாங்கின. பழங்காலத்து வாள்களில் பலவும் அவ்வளவு கடினமாக்கப்படாதவை. ஆகவே அந்தக் காலத்தில், அந்த நிலையில், அவ்வாள் பெற்ற புகழ் பொய்ப்புகழன்று. இந்தக் காலத்தில், இந்தப் பதத்தில், அதுவே முதல் என்பதும் மெய்யன்று.

இதைக் கேட்டு வருந்துவார் உண்டோ? நாம் மகிழ்கிறோம். பிறப்பால் உயர்வு பேசுவது மனிதனுக்குத் தகாது என்றால் எஃகுக்கும் தகாது. எதிலே சிறந்தது, எந்த நிலையில் சிறந்தது, எவ்வளவு சிறந்தது என்று அளந்து சொல்வதே பெருமை. 2025 சனவரியில், சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தபோதும், நாட்டிலும் வெளிநாட்டிலுமாக மூன்று ஆய்வகங்களுக்கு மாதிரிகளை அனுப்பி அளந்த பின்பே அறிவித்தது. அந்த முறைதான் நமக்குப் பெருமை. முழக்கம் எவருக்கும் எளிது. அளவை அறிவுடையோர்க்கே வரும்.

அந்தச் சோதனையிலே மற்றொரு பாடமும் உண்டு. அதைச் சொல்லவே இத்தனை தூரம் வந்தோம். கத்திகளை ஒப்பிடும் முன் அவர்கள் என்ன செய்தனர்? எல்லாவற்றுக்கும் ஒரே கடினம் கொடுத்தனர். ஒரே முறையில் சாணை பிடித்தனர். ஒரே பொறியில் பூட்டினர். அதன் பின்னரே எது மேல், எது கீழ் என்றனர். ஒன்றைச் சாணை பிடித்தும் மற்றொன்றைத் துருவோடும் வைத்து ஒப்பிட்டிருந்தால் உலகம் சிரித்திருக்கும்.

நம் நாட்டிலே 'தகுதி, திறமை' பேசுவோர் செய்வது என்ன? தலைமுறை தலைமுறையாகச் சாணை பிடிக்கப்பட்ட கத்தியையும், ஒருநாளும் சாணைக்கல்லின் பக்கமே விடப்படாத இரும்பையும் ஒரே பலகையில் வைக்கின்றனர். 'பார், இது வெட்டவில்லை. இதன் பிறப்பே மட்டம்' என்கின்றனர்! 1951-இல் வகுப்புரிமை ஆணை நீதிமன்றத்தில் வீழ்ந்தபோது தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அன்று நாம் கேட்டது என்ன? வெட்டாத இரும்பையும் வெட்டியதாக எண்ணுங்கள் என்றா? இல்லை. சாணை பிடியுங்கள், ஒரே பதம் கொடுங்கள், பிறகு சோதியுங்கள் என்றுதான்!

'தாதுவிலே வேற்றுமை உண்டே, வனேடியம் என்று நீங்களே சொன்னீர்களே' எனக் கேட்போரும் இருப்பர். உண்டு, தாதுவுக்குத் தாது வேற்றுமை உண்டு. அதனை அளந்து காட்டினர் ஆய்வாளர். மனிதரிலே சாதிக்குச் சாதி அறிவை வேறாக்கும் அப்படியொரு துகளை எந்த ஆய்வுக்கூடமும் கண்டதில்லை. கண்டதாகச் சொன்னது சாத்திரம் மட்டுமே. சாத்திரத்துக்கு அளவுகோலும் இல்லை, சோதனைப் பொறியும் இல்லை.

பனமலைக் குன்றிலே மாலை வெயில் விழும்போது கல்லின் முகம் சிவக்கும். அந்த ஒளியிலே கல்வெட்டின் எழுத்தைப் பார்ப்போர், எழுத்தின் பள்ளத்தையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்க வேண்டுகிறோம். எழுத்து மன்னனுடையது, பள்ளம் உழைப்பாளியுடையது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும் அந்தப் பள்ளம் மறையவில்லை. அதை வெட்டிய உளி மழுங்கியது. மழுங்கிய உளியைக் கூராக்கிய உலை அணைந்தது. உலை மூட்டியவனின் பெயரும் அழிந்தது.

அணைந்த உலையை அப்படியே மீண்டும் மூட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மூசை எஃகு தன் காலத்துப் பணியை முடித்துவிட்டது. நாம் மூட்ட வேண்டிய உலை வேறு. ஊர்தோறும் உள்ள பள்ளியிலே ஓர் ஆய்வுக்கூடம்; அந்த ஆய்வுக்கூடத்திலே எந்தக் குடியில் பிறந்த பிள்ளைக்கும் ஓர் இடம்; கையால் செய்வதை ஏட்டில் எழுதவும், ஏட்டில் படித்ததைக் கையால் செய்யவும் ஒரு பயிற்சி. அந்த உலை எரியட்டும். இந்த நாட்டின் மழுங்கிய கூர் அங்கேதான் மீளும்.

கூர் பிறப்பில் இல்லை, பதத்தில் இருக்கிறது.